நம்ம பேர்க்காரர்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவரைத் துரை என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு வைத்த பெயர் அல்ல, சுத்தமான கிண்டல். ஒரு காலத்தில் ஆற்றங்கரையிலிருந்து மலையடிவாரம் வரை கண்ணுக்கெட்டிய நிலமெல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்தப் பிரபு குடும்பத்தின் கடைசி வாரிசு அவர். நிலம் போய், மாளிகை போய், குதிரையும் வண்டியும் போய், கடைசியில் மிச்சமிருந்தது குடும்பப் பெயர் ஒன்றுதான். அதைச் சுமந்துகொண்டு அவர் தினமும் காலையில் நெரிசலில் இடிபட்டு வந்து இறங்குவார், சட்டையை ஆணியில் மாட்டுவார், அடுத்தவர் வாய்க்குப் பல் கட்ட உட்காருவார். “துரை வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்பார் பாலிஷ் போடுபவர், தான் மட்டும் எழுந்திருக்காமல்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மெழுகில் பற்களை நட்டு வரிசை அமைப்பதில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. பல் வரிசை ரொம்ப ஒழுங்காக இருந்தால் அது பொய்ப் பல் என்று தெருவுக்கே தெரிந்துவிடும் என்பார். ஆகவே ஒரு பல்லை இம்மி திருப்பி வைப்பார், பக்கத்துப் பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார். வாங்கிக்கொண்டு போனவர்கள் சிரிக்கும்போது பிறவிப் பல் போலவே இருக்கும். இப்படி ஊரார் வாய்க்கெல்லாம் அழகு செய்தவர் தன் சொந்த வாழ்க்கைக்கு எதையும் செய்துகொள்ளவில்லை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால், நேரம் வரவில்லை என்பார். நேரம் பலமுறை வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போன கதை அவருடைய அக்காவுக்குத் தெரியும். அக்கா தூரத்து நகரம் ஒன்றில் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். புகுந்த வீட்டுப் பெயரோடு இருந்தார். ஆக, அந்தப் பெயர் தன்னோடு முடிந்துபோகும் என்று துரைக்குத் தெரியும். முடிந்தால் முடியட்டும் என்று வெளியே சொல்வார். உள்ளே அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் குடும்பத்தின் பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று ஆற்றங்கரையில், மற்றது மலையடியில். நாம் குழம்பாமல் இருக்க ஆற்றங்கரை என்றும் மலையடி என்றும் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஊர்க்காரர்கள் செத்தாலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேருமே தங்கள் ஊரை வெறும் பெயரால்தான் சொல்வார்கள், மற்ற ஊரை ‘அந்த ஊர்’ என்பார்கள். இந்த வீம்பால் எத்தனையோ பேர் தவறான ஊரில் பெட்டி படுக்கையோடு இறங்கி விழித்திருக்கிறார்கள். அதெல்லாம் சிரிப்போடு போயிற்று. ஒரு நாள் ஆற்றங்கரை மரக்கிடங்கில் தீப்பிடித்தபோதுதான் சிரிப்பு நின்றது. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு மலையடிக்குப் போய், எங்கே தீ, எங்கே தீ என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே கிடங்கு முழுக்கக் கரியாகிவிட்டது.

இனி ஒரு பெயரில் ஓர் ஊர்தான் இருக்கலாம் என்று மாவட்ட அதிகாரி சொல்லிவிட்டார். எந்த ஊர் விட்டுக்கொடுப்பது? கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் நாற்காலிகள் உடைந்ததுதான் மிச்சம். அதிகாரி பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் தலைவலி உண்டு. பெயர் எந்தக் குடும்பத்திலிருந்து வந்ததோ அந்தக் குடும்பத்தில் யாராவது உயிரோடு இருந்தால் அவரே சொல்லட்டும், அவர் சொல்லும் ஊருக்குப் பெயர், மற்றதற்கு நானே வேறு பெயர் வைக்கிறேன் என்று முடித்துவிட்டார். தேடிப் பார்த்ததில், பிளாஸ்டர் தூசி அப்பிய கையோடு உட்கார்ந்திருந்த நம் துரை அகப்பட்டார்.

செய்தி வந்த அன்று கூடத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. “ஊரை எல்லாம் தானம் பண்ணப் போறீங்க, எங்களுக்கு ஒரு சின்னத் தெருவாவது கொடுங்க துரை” என்றார் பாலிஷ்காரர். துரையும் சிரித்தார். சிரித்தாலும் அன்றைக்கு முழுக்க முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கேலிக்கு மட்டும் பயன்பட்ட பெயருக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு உண்மையானதுதான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் வந்தது ஆற்றங்கரை. ஊர்த் தலைவரும் இன்னும் நாலைந்து பெரிய மனிதர்களும் பளபளவென்று ஒரு காரில் வந்து இறங்கினார்கள். தலைவர் அவரை ஐயா என்றார். ‘உங்க முன்னோர்’ என்று ஆரம்பித்து, படகுத்துறை, சுங்கச் சாவடி, தானியக் கிடங்கு என்று துரைக்கே தெரியாத அவருடைய குடும்பக் கதையை அவருக்குச் சொன்னார். முதலாளி உள்ளேயிருந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து துரைக்குப் போட்டார். பாலிஷ்காரர் அன்று நிஜமாகவே எழுந்து நின்றார். துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மலையடியிலிருந்து சில நாள் கழித்து ஒரு பெண் மட்டும் வந்தார். நாற்பது வயது இருக்கும். பேருந்தில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. துரை அப்போது ஈறு செய்யும் பிசினைக் கலந்து அச்சில் அடைத்துக்கொண்டிருந்தார். பாதியில் விட்டால் இறுகிப்போகும், எழுந்திருக்க முடியாது. அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். அடுக்கி வைத்திருந்த தாடைகளையும் ஈறுகளையும் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அச்சை இறுக்கி முடித்துத் துரை திரும்பியதும், எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்லி, மலைப்பக்கம் என்றார் அந்தப் பெண்.

“நான் தையல். ஊர்ல எல்லாரும் சேர்ந்து என்னை அனுப்பி வச்சாங்க.”

வேறு யாரும் வரவில்லையா என்று கேட்டார் துரை. எல்லாருக்கும் வேலை இருந்தது, தனக்கு மட்டும் இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்றார் அவர். பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. ஆனால் துரைக்குச் சுருக்கென்றது. அவர்கள் காரில் வந்தார்கள், இவர்கள் மெஷின் பழுதானவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஐம்பது வயது தாண்டிய மனிதர் போடுகிற கணக்கா அது? ஆனாலும் போட்டார்.

தையல்காரர் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

“ஒரு தடவை எங்க ஊருக்கு வந்து பாருங்க. பார்த்துட்டு, அப்புறம் உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ சொல்லுங்க.”

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று துரை கேட்டார். அவர் யோசித்தார். சொல்ல ஆரம்பித்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். கோயில் குளம் மாதிரி காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, வந்தால் புரியும் என்று மட்டும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று துரை வாக்குக் கொடுத்தார். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். போன பிறகுதான், பெயரைக் கேட்கவில்லையே என்று துரைக்குத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அடுத்த அச்சை எடுத்தார்.

அந்த வாரம் அக்கா தொலைபேசியில் பேசியபோது துரை எல்லாவற்றையும் சொன்னார். அக்காவுக்குச் சட்டென்று குரல் மாறியது. அப்பாவுக்கு ஒரு அத்தை இருந்தார், மலையடியில் தனியாக இருந்து அங்கேயே செத்துப்போனார், அவர் பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும் என்றார். குடும்பத்துக்குத் தலைக்குனிவு ஏற்படுத்திவிட்டார் என்று மட்டும் காதில் விழுந்ததாம். என்ன செய்தார் என்று யாரும் சொன்னதில்லை.

“எதுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாடா. பேரு ஒண்ணுதான்டா நம்மகிட்ட இருக்கு. அதை யாருக்குக் கொடுக்கிறோம்னு பார்த்துக் கொடு.”

போகிறேன், போகிறேன் என்றார் துரை. போவதாகத்தான் இருந்தார். ஞாயிறு காலை குளித்து, உடுத்தி, செருப்பை மாட்டும்போது வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. ஆற்றங்கரைக் கார். அன்றைக்கு அவர்கள் ஊரில் ஒரு சின்ன கூட்டம், ஐயா வந்து தலைகாட்டினால் போதும் என்றார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். முன் சீட்டில் உட்கார்ந்தபோது, மலையடிக்கு அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம் என்று துரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆற்றங்கரையில் பேண்டு வாத்தியம் முழங்கியது. மேடை போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நின்று கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக மைக்குக்கு முன்னால் அவருடைய பெயரை ஒருவர் முழுசாக, நிறுத்தி, கனமாகச் சொன்னார். துரைக்குத் தலைகால் புரியவில்லை. அவரைப் பேசச் சொன்னபோது, என் குடும்பத்தின் பெயர் இந்த ஊருக்கே உரியது என்று சொல்லிவிட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த வாக்கியத்தை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. மேடையில் நின்றவுடன் அது தானாக வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மேடையில் சொன்னதைப் பிறகு எப்படி விழுங்குவது? அதிகாரி அறைக்குக் கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். ஆற்றங்கரைக்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளில் இருந்தார்கள். மலையடியிலிருந்து மூன்று பேர்தான், பின்னால் பெஞ்சில் இருந்தார்கள். நடுவில் தையல்காரர். அவர் துரையை நேராகப் பார்த்தார், கோபமாக இல்லை, வருவதாகச் சொன்ன ஒருவரை எதிர்பார்க்கிற மாதிரி. துரை மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டார்.

“ரெண்டு ஊரையும் பார்த்தீங்களா? நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“யோசிச்சுத்தான் சொல்றேன்” என்றார் துரை. கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சொல்லவில்லை. அதிகாரியும் மறுபடி கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுக்கிறேன், இவரே வந்து மாற்றிச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இதுதான் முடிவு என்று எழுந்துவிட்டார்.

அதன் பிறகு காரைக் காணோம். முதல் வாரம் துரை வாசலைப் பார்த்தார். அடுத்த வாரம் பார்க்காத மாதிரி பார்த்தார். ஒரு நாள் பேருந்து ஏறித் தானே ஆற்றங்கரைக்குப் போனார். ஊர்த் தலைவரின் அலுவலகத்தில் காவலாளி யார் என்ன என்று விசாரித்து, பெஞ்சில் உட்காரச் சொன்னான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலைவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே இவரைப் பார்த்தார், கையை ஆட்டினார். வா என்றா, போ என்றா என்று தெரியவில்லை. டீ குடிக்கிற நேரம் தாண்டி, சாப்பாட்டு நேரமும் தாண்டியது. துரை எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் அவருக்கு அவர் மேலேயே அருவருப்பாக இருந்தது. தன்னை ஒரு மனிதனாக அவர்கள் தேடவில்லை, தன் வாயை மட்டும் தேடினார்கள் என்று புரிந்தது. பல் கட்டுகிறவருக்கு இது கொஞ்சம் சீக்கிரமே புரிந்திருக்கலாம்.

புரிந்தவுடனே மலையடிக்கு ஓடியிருந்தால் கதை வேறு. வெட்கம் பிடித்து இழுத்தது. எந்த முகத்தோடு போவது என்று நாளைக் கடத்தினார். மலையடிக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது, ஊர் எல்லைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று பாலிஷ்காரர் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். துரை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாள் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு மலைப்பக்கம் போகும் வண்டியில் ஏறினார். வருகிறேன் என்று சொன்ன வாக்கையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தார்.

எல்லையில் புதுப் பலகை பளிச்சென்று நின்றது. ‘நகர்’ என்று முடியும் ஏதோ ஒரு பெயர், எந்த ஊருக்கும் வைக்கலாம். ஊர் சின்னது. தெருக்கள் மேடும் பள்ளமுமாக இருந்தன. இறங்கிய இடத்தில் ஒரு ரொட்டிக்கடை. அடுப்பின் சூடு தெருவரை அடித்தது. மாவு படிந்த புருவத்தோடு ஒருவர் தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தையல் வேலை செய்கிற அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார் துரை. அம்மா வீட்டில்தான் இருக்கும், நீங்கள் யார் என்று கேட்டார் ரொட்டிக்காரர். துரை யோசிக்காமல் தன் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த ஊரில் சொல்லக் கூடாத பெயர் ஒன்று உண்டென்றால் அது அதுதான் என்று அவருக்குப் பட்டது.

ரொட்டிக்காரரோ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“அட, நம்ம பேர்க்காரரா! எந்த வருஷம் வீட்டுக்கு வந்தீங்க? எனக்கு முன்னாடியா, பின்னாடியா?”

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை ரொட்டிக்காரர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். சின்ன வயதிலேயே வெளியூர் போய்விட்டவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். கடையைப் பக்கத்துக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தோளில் கை போடாத குறையாக அழைத்துக்கொண்டு நடந்தார். நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வெள்ளத்தில் இந்தப் பக்கம் நிறையப் பிள்ளைகள் அனாதையாகிவிட்டார்களாம். பெரிய குடும்பத்து அம்மா ஒருவர் இங்கே தனி வீட்டில் இருந்தார். கதவைத் திறந்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். பள்ளியில் சேர்க்கப் போனபோது தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார்கள். என் பெயரை எழுதுங்கள் என்றார் அந்த அம்மா. கண்டவன் பிள்ளைக்கெல்லாம் நம் குடும்பப் பெயரா என்று கூடப்பிறந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த அம்மா அசையவில்லை. இனி நீ எங்களுக்கு யாரோ என்று அவர்கள் போய்விட்டார்கள். அவர் தன் பங்கு நிலத்தை விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து சேருகிற எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான். இப்போது ஊரே சேர்ந்து வீட்டை நடத்துகிறது.

“ஊர்ல பாதிப் பேருக்கு மேல ஒரே பேரு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பார்ப்பான். அதனால நான் ரொட்டி. அதோ சைக்கிள்ல போறாரே, அவரு தபால். நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“பல்லு கட்டுறேன்” என்றார் துரை. அப்பாவின் கடுகடுத்த முகம் நினைவுக்கு வந்தது. தன்னோடு முடிகிறது என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் வருத்தப்பட்ட பெயர், இந்த மேட்டுத் தெருவில் ரொட்டி சுட்டது, சைக்கிள் மிதித்தது, கல்யாணம் செய்து பிள்ளை பெற்றது. தான்தான் வந்து பார்க்கவில்லை.

வீடு பழையது, விசாலமானது. கூடத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிச் சட்டைகள் ஒரு பக்கம் வெட்டியபடி, ஒரு பக்கம் தைத்தபடி குவிந்திருந்தன. தையல்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். மெஷினை நிறுத்தினார். நம்ம பேர்க்காரர், பல்லு வேலை, உன்னைத்தான் கேட்டுக்கிட்டு வந்தாரு என்றார் ரொட்டிக்காரர் பெருமையாக. தையல்காரர் ஊசியிலிருந்த நூலை அறுத்தார். பிறகு, பிள்ளைகள் சாப்பிட வருகிற நேரம், நீ போய்த் தட்டுப் போடு என்று அவரை உள்ளே அனுப்பினார்.

இருவரும் தனியாக இருந்தார்கள். துரை நின்றுகொண்டே இருந்தார்.

“அன்னிக்கு நீங்க உங்க பேரைச் சொல்லியிருந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தார்.

“இங்க யாருங்க பேரைச் சொல்வாங்க? தையல்னு சொல்லியே பழகிப்போச்சு. எனக்குத் தோணவே இல்ல.” சட்டைக் காலரை மடித்துக்கொண்டே சொன்னார். கொஞ்சம் பொறுத்து, “நீங்க கேட்டிருக்கலாம்” என்றார்.

கேட்டிருக்கலாம். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார். துரை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நேராக அதிகாரியிடம் போகிறேன், மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்றார். அந்த ஒரு மாதம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது, நாங்களும் போய்ப் பார்த்தோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார் என்றார் தையல்காரர்.

“மறுபடி உங்ககிட்ட வந்து கேக்கலாம்னு ரொட்டி சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க எங்க, என்ன வேலைன்னுகூட யார்கிட்டயும் சொல்லல. நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னவரை, மாத்திச் சொல்லுங்கன்னு கேக்குறது மரியாதையா இருக்காதேன்னு.”

துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆற்றங்கரைக்காரர்கள் காரில் ஏற்றி இறக்கியதுதான் மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். இங்கே ஒருவர், தன்னை ஏமாற்றியவரின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக ஊர்ப் பெயரையே விட்டிருக்கிறார். அந்த ஒரு மாதத்தில் எந்த நாள் இவர் வந்து கூடத்தின் வாசலில் நின்றிருந்தாலும் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அவர் வராமலே, தானே இங்கே வந்திருக்கலாம் என்பதும் தெரியும்.

“எங்களுக்கு என்னங்க, வளர்ந்துட்டோம்” என்றார் தையல்காரர். “சின்னதுங்க நாளைக்கு வெளியூர் போகும். அப்பா பேரு கேட்டா சொல்றதுக்கு இல்ல. எங்களை எல்லாம் யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா ஊர்ப் பேரைச் சொல்லுவோம், அதுவும் எங்க பேரும் ஒண்ணு, அதோட விட்டுடுவாங்க. இனிமே பேரைச் சொன்னா ஆத்துப் பக்கமான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா, அப்போ நீ யாருன்னு கேப்பாங்க.”

உள்ளேயிருந்து தட்டுகளின் சத்தம் வந்தது. பிள்ளைகள் தடதடவென்று ஓடிவந்தார்கள். துரை கிளம்புகிறேன் என்று எழுந்தார். சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டு வெறும் வயிற்றோடு போவதா என்று ரொட்டிக்காரர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நீண்ட மேஜை. ரொட்டியும் காய்கறிக் குழம்பும். தபால்காரரும் வந்து உட்கார்ந்தார். பல்லு மாமா, பல்லு மாமா என்று பிள்ளைகள் அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி வாயைத் திறந்து காட்டி, இதற்கும் ஒன்று கட்டித் தருவீர்களா என்று கேட்டாள். அது தானாகவே வரும், கொஞ்ச நாள் பொறு என்றார் துரை.

பேச்சு பலகையில் வந்து நின்றது. பழைய பலகையை யாரும் குப்பையில் போடவில்லை, பின்கட்டில் சாத்தி வைத்திருக்கிறது என்றார் தபால்காரர். பிறகு துரையின் பக்கம் திரும்பினார். நகரத்தில் இருப்பவர்தானே, அந்தப் பெரிய குடும்பத்து ஆளைத் தெரியுமா என்று கேட்டார். தையல்காரர் அகப்பையைக் குழம்பில் வைத்தபடி அப்படியே நின்றார்.

“தெரியும்” என்றார் துரை.

“எப்படிப்பட்ட ஆளு?”

“ஒண்ணுமில்லாத ஆளு. கார்ல ஏத்தினாங்க, ஏறிட்டான்.” துரை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு தடவை இங்க வந்திருந்தா கொடுத்திருக்க மாட்டான்.”

விடுங்கள், பாவம், அந்த மனுஷனுக்கு என்ன கஷ்டமோ என்றார் ரொட்டிக்காரர். திட்டியிருந்தால்கூடத் துரைக்கு ஒரு வாய் இறங்கியிருக்கும். தையல்காரர் துரையின் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. துரையும் தான் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மென்று விழுங்கினார். சொல்லிவிட்டால் அந்த மேஜையில் தன் இடம் போய்விடும் என்ற பயம்தான். வந்து ஒரு வேளை ஆவதற்குள் அந்த இடம் அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

பேருந்து வரை ரொட்டிக்காரர் கூடவே வந்தார். சுடச்சுட ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். அடுத்த முறை வரும்போது ஆளைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம், நேராக வீட்டுக்கு வரவேண்டும், விசேஷம் இருந்தால்தான் வரவேண்டும் என்று இல்லை என்றார். துரை தலையை ஆட்டினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ரொட்டிக்காரருக்கு ஏதோ நினைவு வந்தது போல. மாவுக் கையை ஆட்டிக்கொண்டு சன்னலோடு கூடவே ஓடிவந்தார்.

“அடுத்த தடவை டிக்கெட் எடுக்கிறப்போ புதுப் பேரைச் சொல்லுங்க, மறந்துடாதீங்க. பழக்கத்துல நம்ம பேரைச் சொல்லிட்டீங்கன்னா, அந்த ஊர்ல கொண்டுபோய் இறக்கி விட்டுடுவாங்க.”